கையில் கிடைத்த பொருளும் கழுவில் ஏறிய முனிவரும்

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 50-ஆவது பிரிவு வன அலுவலருக்குப் பெரிய அதிகாரம் ஒன்றைத் தருகிறது. அவர் வண்டியை மறிக்கலாம், பையைத் திறந்து பார்க்கலாம், வீட்டுக்குள்ளும் நிலத்துக்குள்ளும் நுழைந்து தேடலாம், கிடைத்ததைப் பறிமுதல் செய்யலாம், ஆளைக் கைதும் செய்யலாம். இதற்கு நீதிமன்றத்தின் ஆணையை முன்கூட்டி வாங்க வேண்டியதில்லை. சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத காவலருக்கும் இதே அதிகாரம் உண்டு. ஆனால் அந்தப் பிரிவின் வாசலிலேயே ஒரு நிபந்தனை நிற்கிறது. அந்த ஆள் இச்சட்டத்தின்படி குற்றம் செய்திருக்கிறார் என்று நம்புவதற்கு நியாயமான காரணங்கள் அலுவலரிடம் இருக்க வேண்டும். சட்டம் சொல்வது நம்புவதற்கான காரணம். சந்தேகம் வந்தால் போதும் என்று அது சொல்லவில்லை.

இந்த நிபந்தனையைக் களத்தில் வைத்துப் பார்ப்போம். ஆரணிக்கு மேற்கே ஜவ்வாது மலை. பட்டுத்தறி ஊரான ஆரணியைத் தொட்டுச் செல்லும் கமண்டல நாகநதி அந்த மலையில்தான் பிறக்கிறது. ஜமுனாமரத்தூரிலிருந்து இறங்கும் பாதை போளூருக்கு வந்து ஆரணிப் பக்கம் திரும்புகிறது. தேனும் சாமையும் புளியும் கடுக்காயும் அந்த வழியில் சாக்குப் பைகளில் கீழே வருகின்றன. என்றாவது ஒரு பையில் உடும்போ மான் கறியோ இருக்கவும் கூடும். பேருந்தில் ஏறும் வனக்காப்பாளர் எந்தப் பையைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்பது பார்வைக்கு நிர்வாகக் கேள்வி. அதற்கு அடியில் பழைய அறக் கேள்வி ஒன்று இருக்கிறது: வாயில்லா உயிரைக் காக்கக் கிளம்பிய கருணை, வாயுள்ள மனிதரின் பைக்குள்ளும் வீட்டுக்குள்ளும் எவ்வளவு தூரம் கையை நீட்டலாம்?

இந்திய அளவை நூல்கள் ஐயத்தைத் தனிப் பொருளாகவே ஆராய்ந்தவை. நியாய சூத்திரம் அடுக்கும் 16 பொருள்களில் ஐயம் மூன்றாவது. அந்தி மங்கலில் தூரத்தில் ஓர் உருவம் தெரிகிறது. அது மரக்கட்டையா, மனிதனா? வடமொழி நியாய நூல்களும் தமிழ் இலக்கண உரைகளும் ஐயத்துக்குக் காட்டும் எடுத்துக்காட்டு இதுவே. சைவ சித்தாந்த அளவையியல், ஐயமும் திரிபும் நீங்கிய பிறகு கிடைப்பதையே அறிவு என ஏற்கிறது. இந்த மரபில் ஐயம் குற்றமல்ல. விசாரணை அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் ஐயத்திலிருந்து முடிவுக்குத் தாவ முடியாது. நடுவில் ‘ஏது’, அதாவது காரணம், வேண்டும். மலையில் நெருப்பு உண்டு என்று சொல்ல, புகை கண்ணில் பட வேண்டும். மலை என்பதாலேயே நெருப்பு இருக்கும் என்பவர் அளவை தெரியாதவர்.

50-ஆவது பிரிவு கேட்பதும் இந்த ஏதுவையே. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், போதுமான காரணம் இருந்தால்தான் ஒருவர் ‘நம்புவதற்குக் காரணம் உடையவர்’ ஆவார் என்று 26-ஆவது பிரிவில் விளக்கியது. இரத்தம் கசியும் சாக்கு ஓர் ஏது. வலையும் கண்ணியும் வெளியே தெரிவது ஓர் ஏது. இன்ன வண்டியில் இன்னது வருகிறது என்று நம்பகமான ஆள் சொன்னதும் ஏதுவே. மலையிலிருந்து வருகிறார், அழுக்கு வேட்டி கட்டியிருக்கிறார், காக்கியைக் கண்டதும் முகம் மாறியது என்பவை ஏது ஆகா. காக்கியைக் கண்டு அஞ்சுவதற்கு மலைவாழ் மக்களுக்கு வேறு காரணங்கள் உண்டு. அவை கீழே வரும். பிரிட்டனின் 1981-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டம் ‘நியாயமான சந்தேகம்’ என்ற அளவோடு நின்றுகொள்கிறது. இந்தியச் சட்டத்தின் சொல் அதைவிடக் கனமானது. எனினும் இந்தியச் சட்டத்தில் ஒரு குறை உண்டு. தகவல் வந்தால் அதை எழுதி வைக்க வேண்டும் என்கிறது போதைப்பொருள் சட்டம். வன உயிரினச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு அப்படி எதையும் கேட்பதில்லை. எழுதாத ஏதுவைப் பின்னால் எப்படியும் இட்டுக்கட்டலாம் என்பதால், இந்தக் குறையைச் சிறியது என்று தள்ளிவிட முடியாது.

அடுத்த எல்லை உடல். நிலம், கட்டடம், வண்டி, படகு, மூட்டை, கைவசமுள்ள பிற பொருள்கள் என்று பிரிவு வரிசையாகப் பெயர் சொல்கிறது. ஆளின் உடலைத் தடவிப் பார்க்கலாம் என்று தனியாகச் சொல்லவில்லை. உடல் சோதனைக்குப் பொது நடைமுறைச் சட்டத்தை நாட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. தேடப்படும் இடத்தில் இருப்பவர் பொருளை உடலில் மறைத்திருக்கிறார் என்ற நியாயமான சந்தேகம் எழுந்தாலோ, ஆள் கைதானாலோ, உடலைச் சோதிக்க அது இடம் தருகிறது. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். அதுவும் கண்ணியம் குறையாமல். ஓர் இடத்தைத் தேடும்போது அக்கம்பக்கத்து மதிப்புள்ள சாட்சிகள் இருவராவது உடனிருக்க வேண்டும், எடுத்த பொருள்களுக்குப் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். புதிய சட்டம் தேடுதலை ஒலி-ஒளிப் பதிவு செய்யவும் கட்டளையிடுகிறது.

ஆரணி போன்ற ஊரில் வீட்டுத் தேடுதலுக்குத் தனிக் கனம் உண்டு. நெசவாளரின் வீடும் பட்டறையும் ஒன்றே. தறிக்குழியும் அடுப்பும் சாமி மாடமும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். பாவில் ஏற்றிய பட்டு பெரும்பாலும் வீட்டுக்காரருடையது அல்ல, வேலை கொடுத்த முதலாளியுடையது. முரட்டுக் கை ஒன்று பாவைக் கலைத்தால் பல நாள் உழைப்பு போகும், கடனும் ஏறும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 1954-இல் எம்.பி. சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள் கொண்டிருந்த எதிர்நிலை அதோடு விழுந்தது. அந்தரங்கத்தில் அரசு தலையிட வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், தகுந்த நோக்கம் இருக்க வேண்டும், செயல் நோக்கத்தின் அளவை மீறக் கூடாது. மூன்றாவது அளவைத்தான் களத்தில் முதலில் மறக்கிறார்கள்.

பொருள் கைவசம் கிடைத்துவிட்டால் கேள்வி இன்னும் கடுமையாகிறது. வன உயிரினமோ அதன் உறுப்போ ஒருவரின் வசம் இருந்தால், மறுப்பு நிரூபிக்கப்படும் வரை, அவர் சட்டவிரோதமாகவே வைத்திருக்கிறார் என்று நீதிமன்றம் அனுமானிக்கும் என்கிறது 57-ஆவது பிரிவு. நிரபராதம் காட்டும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் தோளுக்கு மாறுகிறது. காட்டில் நடக்கும் கொலைக்குச் சாட்சி அரிது என்பதால் சட்டமியற்றியவர்கள் இப்படிச் செய்தார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் கையில் இருந்ததாலேயே குற்றம் உறுதி என்ற நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பாரதக் கதை ஒன்று முன்பே சொல்லிவிட்டது.

மாண்டவ்ய முனிவர் தம் குடிலின் வாசலில், கைகளை உயர்த்தி மௌன விரதத்தில் நின்றிருந்தார். துரத்தப்பட்ட திருடர்கள் களவுப் பொருளைக் குடிலில் போட்டுவிட்டு அங்கேயே ஒளிந்தார்கள். பின்னால் வந்த காவலர்கள் முனிவரைக் கேட்டார்கள், அவர் பேசவில்லை. குடிலைச் சோதித்தார்கள், பொருளும் திருடர்களும் கிடைத்தார்கள். பேசாத முனிவர் மேல் சந்தேகம் விழுந்தது. அரசன் அவரையும் சேர்த்துக் கழுவில் ஏற்றச் சொன்னான். முனிவர் சாகவில்லை. அரசன் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டான், கழுவை உருவ முடியாமல் வெட்டச் செய்தான். உடலில் தங்கிய முனையோடு நடந்ததால் அவர் ஆணிமாண்டவ்யர் ஆனார்.

இந்தச் சோதனையில் தேடியது தவறில்லை; திருடர்களைத் துரத்தி வந்தவர்களுக்கு ஏது இருந்தது. கிடைத்த பொருளை யார் வைத்தது என்று கேட்காததும், மௌனத்தை ஒப்புதலாக எடுத்துக்கொண்டதுமே தவறு. அர்த்தசாஸ்திரம் தன் நான்காம் அதிகரணத்தில், வேதனைக்கு அஞ்சித் திருடன் என்று ஒப்புக்கொண்டவராக இந்த மாண்டவ்யரையே காட்டி, ஆதாரம் முழுமையான பின்பே தண்டிக்க வேண்டும் என்கிறது. கதை வேறுவிதமாக வந்தாலும் கௌடில்யரின் கவலை அதுவே. தமிழருக்கு இன்னும் நெருக்கமான சாட்சி சிலப்பதிகாரத்தின் மதுரையில் இருக்கிறது: சிலம்பு கையில் இருந்தது, கோவலன் செத்தான், பரல் முத்தா மாணிக்கமா என்ற கேள்வி அவன் செத்த பிறகே எழுந்தது. அரசியலமைப்பின் 20(3)-ஆவது பிரிவு, தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்ட யாரையும் வற்புறுத்தக் கூடாது என்கிறது. மௌன விரதம் இருக்கும் உரிமை எல்லாக் குடிமக்களுக்கும் வந்துவிட்டது என்றே இதைச் சொல்லலாம். வன உயிரினச் சட்டத்தில் இங்கே ஒரு நுட்பமான இடம் உண்டு. உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அலுவலர் சாட்சியம் பதிவு செய்யலாம். குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதிவாகியிருந்தால் அது பின்னர் நீதிமன்றத்தில் ஏற்கத்தக்கது. பையைத் திறக்கும் அதிகாரத்தைவிட வாயைத் திறக்க வைக்கும் அதிகாரத்துக்குக் காவல் அதிகம் தேவை.

மாண்டவ்யர் கதை அங்கே முடிவதில்லை. ஆரணிக்கு உறைக்கும் பகுதி இனிமேல்தான். முனிவர் தருமதேவனிடம் போய், எந்தப் பாவத்துக்கு இந்தக் கழு என்று கேட்டார். சிறுவயதில் பூச்சிகளின் வாலில் நாணற்குச்சியைச் செருகி விளையாடியதற்கு என்று பதில் வந்தது. அற்பப் பிழைக்கு இவ்வளவு தண்டனையா என்று கொதித்த முனிவர், பதினான்கு வயதுக்கு முன் செய்தது பாவமாகாது என்று விதி வகுத்து, தருமனையே மனிதப் பிறவி எடுக்கும்படி சபித்தார். அவன் விதுரனாகப் பிறந்தான். பூச்சியின் வலிக்கும் கணக்கு உண்டு என்பதைக் கதை மறுக்கவில்லை. அந்தக் கணக்கைப் பார்க்கும் தருமனுக்கும் அளவு உண்டு, அளவு மீறினால் அவனும் பதில் சொல்ல வேண்டும் என்கிறது.

பட்டு நெய்யும் ஊரில் பூச்சியின் வலி வெறும் கதையல்ல. பட்டுப்புழு தன் கூட்டை ஒரே இழையாகச் சுற்றிக்கொள்கிறது. நல்ல கூட்டில் அந்த இழை ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் வரை நீளும். அந்துப்பூச்சி வெளியே வந்தால் இழை அறுந்துவிடும் என்பதால், அதற்குமுன் ஆவியிலோ வெந்நீரிலோ புழுவைக் கொன்றுவிடுகிறார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் புழுக்கள் போகும். இதில் எந்த அலுவலரும் யாரையும் நிறுத்த முடியாது. வன உயிரினம் என்பது சட்டத்தின் அட்டவணையில் இருக்கும், இயற்கையில் காட்டு நிலையில் வாழும் விலங்கு. பட்டுப்புழு பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதர் வளர்த்த உயிர்; காட்டில் அதற்கு வாழ்வில்லை. அட்டவணை 1-இல் உள்ள ஓர் உடும்பைக் கொன்றவருக்கோ 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. சட்டம் காப்பது இனத்தை. ஒவ்வோர் உயிரையும் அல்ல.

சமணம் இந்த இடத்தில் சட்டத்தோடு ஒத்துப்போகாது. ஆரணி வட்டாரம் தமிழ்ச் சமணத்தின் பழைய நிலம். ஊரை ஒட்டிய பூண்டியில் அருகன் கோயில் இருக்கிறது. போளூர்ப் பக்கம் திருமலையில் குந்தவையின் பெயரால் அமைந்த ஜினாலயமும், மலைமேல் 16 அடி உயர நேமிநாதர் சிலையும் இருக்கின்றன. ஓரறிவு உயிர் முதல் ஐந்தறிவு உயிர் வரை எதையும் வருத்தாதே என்பது சமணர் நோன்பு. அங்கே அரிய உயிர், மலிந்த உயிர் என்ற பிரிவு கிடையாது. திகம்பரத் துறவி உட்காரும் இடத்து எறும்பை விலக்க மயிற்பீலி வைத்திருப்பார். மயில் தேசியப் பறவை. அட்டவணை 1-இல் இருப்பது. இருந்தும் தோகை இறகுக்கு 43-ஆவது பிரிவு விலக்குத் தருகிறது. பீலி தானாக உதிர்ந்த இறகால் ஆக வேண்டும் என்பதே துறவியின் நெறியும். உதிர்ந்த இறகின் அடித்தண்டு வேறு, பிடுங்கியதன் அடித்தண்டு வேறு. தெரிந்த கண்ணுக்குப் புரியும். ஆகவே, பீலி கையில் இருப்பதைக் கொண்டே யாரையும் நிறுத்த முடியாது. முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பவருக்கும் அதே விதி.

இந்து மரபுக்குள்ளும் இது தீர்ந்த கேள்வியல்ல. பட்டு மடித் துணி, பூசைக்கு உகந்தது என்ற வழக்கம் ஒருபுறம் இருக்க, காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி புழுக்கொலையைக் காட்டிப் பட்டு வேண்டாம் என்றே சொன்னார். அந்து வெளிவந்த பின் கிடைக்கும் கூட்டிலிருந்து நூற்கும் ‘அகிம்சைப் பட்டு’ இந்தக் கவலைக்கு ஒரு பதில். இழை அறுபட்டதால் அது நூற்கப்பட வேண்டும். வழவழப்பு குறையும், விலை ஏறும். இங்கெல்லாம் கொல்லாமை அவரவர் மனத்தின் நோன்பாகவே இருக்கிறது. யாருடைய பையையும் அது திறப்பதில்லை. அரசு அந்த நோன்பை எடுத்துக்கொள்ளும்போது அதற்குத் தடியும் கைவிலங்கும் வந்துவிடுகின்றன. எல்லைகள் தேவைப்படுவது அதனால்தான்.

திருவள்ளுவர் கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். அதே நூலில், ஆள்வோர் குடிகளை அஞ்ச வைக்கக் கூடாது என்பதற்கு வெருவந்தசெய்யாமை என்று இன்னோர் அதிகாரம் வைத்தார். முதலாவது அறத்துப்பாலில், இரண்டாவது பொருட்பாலில். அரசியலமைப்பும் இப்படித்தான். உயிர்களிடம் கருணை காட்டுவதைக் குடிமகனின் கடமையாக்கும் 51ஏ(ஜி) பிரிவு, 1976-இல் வந்த 42-ஆவது திருத்தத்தில் சேர்ந்தது. மனிதரின் உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21-ஆவது பிரிவு தொடக்கத்திலிருந்தே உண்டு. 2014-இல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், 21-ஆவது பிரிவின் ‘உயிர்’ என்ற சொல்லுக்குள் விலங்கையும் சேர்த்துப் படித்தது. விலங்குக்கு இடம் விரிந்தது நல்லது. அதற்காக மனிதருக்கு இடம் குறைந்ததாக அந்தத் தீர்ப்பு எங்கும் சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் அந்த இடம் குறைந்த வரலாறு வாச்சாத்தியில் இருக்கிறது. தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரம். 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகள் நொறுங்கின, மக்கள் அடிபட்டார்கள், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடிவதற்குள் இறந்துபோக, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களில் 126 பேர் வனத்துறையினர். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 செப்டம்பர் 29 அன்று அதை உறுதி செய்து, அந்தப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டார். சந்தன மரம் காக்கப்பட வேண்டியதே. அந்த நோக்கத்தின் பெயரால் நடந்ததற்கு நீதி வர 31 ஆண்டுகள் ஆயின.

ஆரணிப் பக்கத்து நினைவில் இருப்பது இன்னொன்று. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டக் கூலிகளே பெரும்பாலானோர். கண்ணமங்கலம், படவேடு வட்டாரத்தவரும் அவர்களில் உண்டு. தாக்கியதால் சுட்டோம் என்றது காவல்துறை. தம்மோடு வந்தவர்களைப் பேருந்திலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள் என்று உயிர் பிழைத்தவர் சொன்னார். விவகாரம் தேசிய மனித உரிமை ஆணையம் வரை போனது. இவை இரண்டும் மரக் கடத்தல் தொடர்பானவை, வன உயிரினச் சட்டத்தின் கீழ் வந்தவை அல்ல. ஆனால் நிறுத்திய கைகளில் வனத்துறையினுடையதும் உண்டு, நிறுத்தப்பட்டவர்களும் அதே மக்கள்.

சந்தேகம் எல்லார் மேலும் சமமாக விழுவதில்லை. பரம்பரையாகவே குற்றவாளிகள் என்று சில சமூகங்களை முத்திரை குத்திய 1871-ஆம் ஆண்டுச் சட்டம் 1952-இல் நாடு முழுவதும் நீங்கியது, பார்வை நீங்கவில்லை. பேருந்து நிலையத்தில் ஊசிமணி விற்கும் நரிக்குறவரின் பை முதலில் திறக்கப்படுகிறது. இருளரின் கதை இன்னும் தெளிவானது. பாம்புத்தோல் வணிகம் சட்டத்தால் நின்றபோது அவர்களின் பிழைப்பே குற்றமானது. 1978-இல் அமைந்த இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், விஷம் எடுத்துவிட்டுப் பாம்பைக் காட்டில் விட அனுமதி பெற்றது. அதே கை, அதே பாம்பு. இன்று அந்த விஷத்திலிருந்து வரும் மருந்து உயிர் காக்கிறது. அனுமதி தேவைப்படும் செயலைச் செய்பவரை நேரில் கண்டால் நிறுத்தி, அனுமதிச் சீட்டைக் கேட்கலாம் என்கிறது 50-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. சீட்டு கைவசம் இல்லாவிட்டாலும், பெயரும் முகவரியும் கொடுத்து, அழைத்தால் வருவார் என்ற நம்பிக்கையையும் ஏற்படுத்தினால் கைது தேவையில்லை. இந்த உட்பிரிவு இருளர் குடியிருப்புகளில் தெரிந்திருக்க வேண்டியது.

எல்லை மீறினால் என்ன என்பது மிச்சம். பிடிபட்டவரையும் பொருளையும் உடனே நீதிபதி முன் கொண்டுபோக வேண்டும் என்கிறது 50-ஆவது பிரிவு. நீதிபதி முன் கொண்டுபோகாமல் 24 மணி நேரத்துக்கு மேல் யாரையும் அடைத்து வைக்க முடியாது என்கிறது அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு. வீம்புக்காகவும் தேவையின்றியும் பறிமுதல் செய்தவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று 53-ஆவது பிரிவு சொல்கிறது. நல்லெண்ணத்தோடு செய்ததற்கு 60-ஆவது பிரிவு அலுவலருக்குக் காப்பு. முறைகேடான தேடுதலில் கிடைத்த பொருள்கூடச் சாட்சியமாக ஏற்கத்தக்கது என்று 1973-இல் பூரண்மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழி பிழையானாலும் விளைவு செல்லும் என்ற இந்த நிலை, வழியும் முடிவும் ஒன்றே என்று வாழ்ந்து காட்டிய காந்தியின் நாட்டில் இன்னும் மறுபரிசீலனைக்குக் காத்திருக்கிறது.

53-ஆவது பிரிவு பேசுவது பொருள் பறிமுதலைப் பற்றி மட்டும். எதையும் எடுக்காமல், ஏதுவும் இல்லாமல், நடுவழியில் ஒருவரை இறக்கி நிறுத்தி, கூட்டத்தின் முன் பையைக் கொட்டிப் பார்த்து அனுப்பிவிட்டால் அந்தப் பிரிவு உதவாது. அவர் பொதுச் சட்டத்தின் முறையற்ற தடுப்புக் குற்றத்தையோ மாநில மனித உரிமை ஆணையத்தையோ உயர் நீதிமன்றத்தையோ நாட வேண்டும். கூலிக்குப் போகிறவருக்கு இவை எல்லாம் ஒரு நாள் சம்பளத்துக்கு மேல் செலவு வைக்கும். வழக்கறிஞர் செலவுக்கு மட்டும், பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பாராமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி உண்டு.